ஊர் சோத்தாங்கை

என் வயசுக்காரிகளே, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறீர்கள். யாரோ ஒரு மருமகள் அழுகிறாள், நீங்களும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த நேரத்தில் நான் போனில் பூட்டுத் திறக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த உறுவையாறு கிராமத்தில் மூன்று புதிர் ஆட்டத்தைக் கடைசிக் கதவு வரைக்கும் திறந்து முடித்த கிழவி நான் ஒருத்திதான். ஒரு இடத்தில்கூடக் குறிப்பு கேட்காமல் முடித்தேன். அதையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன், எனக்கென்ன வெட்கம்.

முட்டியில் ஆபரேசன் பண்ணி, மூன்று மாசத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். நான் இறங்கினேன். என் மகள் பார்த்தாள், அவளுடைய பழைய போனை என் கையில் கொடுத்து, "இந்தாம்மா, இதுக்குள்ள நட. எவ்ளோ வேணா நட. வூட்டுல நடக்காத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். போன் பழசு, சார்ஜ் நிற்காது. பிளக் பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போட்டு, வயரை மாட்டியபடியே ஆடவேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது சுடுகிற ஆட்டமும் இல்லை, வண்டி ஓட்டுகிற ஆட்டமும் இல்லை. ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். விரலால் திரையைத் தள்ளினால் உங்கள் தலை திரும்பும். சுவர், அலமாரி, படம், கடிகாரம் எல்லாம் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். உங்களை மட்டும் நீங்கள் பார்க்க முடியாது. நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றால்கூட முகம் தெரியாது, நான் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு கை மட்டும் கீழேயிருந்து நீண்டு வரும். அந்தக் கை இழுப்பறையைத் திறக்கும், சாவியை எடுக்கும், சக்கரத்தைச் சுற்றும். ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொன்று பூட்டியிருக்கும். யார் பூட்டினார்கள், எதற்குப் பூட்டினார்கள் என்று யோசித்தால் ஆட முடியாது. திறந்துகொண்டே போகவேண்டும்.

என்னோடு ஆடுகிறவள் என் அத்தை மகள். என் அப்பாவின் அக்கா பெண். அடுத்த தெருவில் இருக்கிறாள். எனக்கு ஆறு மாசம் இளையவள். இரண்டு பேருக்கும் புருசன் போய்ச் சேர்ந்தாயிற்று. அவள் பால்வாடியில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள், படித்தவள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதையும் உதட்டை அசைத்துத்தான் படிப்பேன். ஆட்டத்துக்குள் ஏதாவது காகிதம் கிடைத்தால் அவள்தான் வாசித்துச் சொல்வாள். என் மகள் ஆட்டத்தைத் தமிழில் மாற்றி வைத்திருக்கிறாள். அது என்ன தமிழோ.

"இன்னாடி போட்டிருக்குது?"

"மேசையை ஆய்வு செய்யவும்னு போட்டிருக்குது."

"மேசையை இன்னாடி ஆய்வு செய்யறது? பொண்ணா பாக்க வந்திருக்கோம்?"

இப்படித்தான் எங்கள் மத்தியானம் போகும். அவளுடைய பீச்சாங்கை சரியில்லை. இரண்டு விரல் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி அப்படியே நின்றுவிட்டது. அதனால் போனைத் தொடைமேல் வைத்து, வலது கைக் கட்டைவிரல் ஒன்றாலேயே ஆடுவாள். அதற்கே நன்றாக ஆடுவாள்.

எந்த ஆட்டம் ஒசத்தி என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. எனக்கு முதலில் கிடைத்த வீட்டு ஆட்டம்தான் பிடிக்கும். பழைய மாடி வீடு, ஒன்பது அறை, அறைக்கு ஒரு பூட்டு. இரண்டாவது கண்ணாடி ஆட்டம். ஜன்னல் வழியாக வருகிற வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, அதிலிருந்து இன்னொரு கண்ணாடிக்குத் திருப்பி, மூலையில் இருக்கிற கதவின்மேல் அடிக்கவேண்டும். அதை ஆடினால் எங்கள் இரண்டு பேருக்கும் தலை வலிக்கும். கண்புரை எடுத்தவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். மூன்றாவது தண்ணி ஆட்டம். முழுகிப்போன ஒரு மண்டபம். மதகைத் திறந்து தண்ணியை ஏற்றி, இறக்கி, மேலே மிதந்து போய் ஒரு கதவையும் கீழே நடந்து போய் ஒரு கதவையும் திறக்கவேண்டும். அத்தை மகளுக்கு அதுதான் உசுர்.

"உன் வூட்டு ஆட்டத்துல இன்னா இருக்குது? அலமாரியத் தொற, மூடு. தொற, மூடு. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அதைத்தான செஞ்சோம்."

"உன் தண்ணி ஆட்டம் மட்டும் இன்னாவாம்? ஏரி மதகு தொறக்கிறவன் வேலை. அதுக்கு ஒரு போனு, ஒரு சார்ஜரு."

"இதுல தப்பாத் தொறந்தாலும் ஒண்ணும் ஆவாது. தண்ணிய எறக்கிட்டு மறுபடி வரலாம். உன்னுதுல மூணு தபா தப்பு சாவி போட்டா பூட்டு இறுகிக்கும்."

"இறுகட்டும். அப்பத்தான் புத்தியா போடுவ."

குறிப்பு வேண்டுமென்றால் ஒரு விளம்பரம் பார்க்கவேண்டும். அவள் கூசாமல் பார்ப்பாள். முடி வளர்க்கிற எண்ணெய் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "உனக்கு இருக்கிற நாலு முடிக்கு இது இன்னாத்துக்குடி?" என்று கேட்பேன். "நாலு இருக்குதுல்ல" என்பாள்.

போன மாசம் தண்ணி ஆட்டத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். போன் அவள் மடியில் இருந்தது. தண்ணி ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வழி தெரிந்துவிட்டது. அவசரத்தில், "சோத்தாங்கைப் பக்கம் திருப்புடி, சோத்தாங்கைப் பக்கம்!" என்று கத்தினேன்.

அவள் கட்டைவிரல் இடது பக்கம் போனது. திரையில் வெறும் சுவர்.

தண்ணி ஏறி மூடிக்கொண்டது. இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பார்த்தோம். அவள் தண்ணியை இறக்கிவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தாள். எனக்குத்தான் அன்றைக்கு அதற்குமேல் ஆட முடியவில்லை. அதனால்தான் இந்த நோட்டை எடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். அவசரம் இல்லாமல் எழுதுகிறேன், அவசரம் இல்லாமல் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வலது, இடது என்று யாரும் பேசமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். சோறு தின்கிற கை சோத்தாங்கை. கால் கழுவுகிற கை பீச்சாங்கை. என் அத்தை மகளோ பிறந்ததில் இருந்து இடது கைக்காரி. கூழ்ச் சட்டியில் அந்தக் கையைத்தான் விடுவாள். அத்தை அகப்பைக் காம்பால் மணிக்கட்டில் போடுவாள். அடிக்கும்போது கை மாறும். அத்தை திரும்பினால் மறுபடியும் அந்தக் கை. அவள் கணக்கில் சோறு தின்கிற கை அதுதானே? அப்போது சோத்தாங்கையும் அதுதான். நமக்கெல்லாம் எது பீச்சாங்கையோ அது அவளுக்குச் சோத்தாங்கை.

ஒரு தடவை எரு ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் மாமா, அதாவது அவள் அப்பா, அவளை முன்னால் உட்காரவைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தார். வாய்க்கால் கரை திருப்பத்தில், "சோத்தாங்கைக் கவுத்தை இழுடி" என்றார். அவள் அவளுடைய சோத்தாங்கையை இழுத்தாள். மாடு, வண்டி, எரு, மாமா எல்லாம் வாய்க்காலுக்குள். மாமா இடுப்பளவு தண்ணியில் தலையில் சாணியோடு நின்று, "எந்தச் சோத்தாங்கைடி இழுத்த, பாவி?" என்று கேட்டார். இவள் கரையில் நின்று, "என் சோத்தாங்கைப்பா" என்றாள்.

அன்றைக்கு நடவுக்குப் போன பெண்கள் எல்லாம் நாத்தைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அது ஒரு பேச்சாகிவிட்டது. அவளுக்கு வழி சொல்லவேண்டும் என்றால் எல்லாரும், "ஊர் சோத்தாங்கைப் பக்கம் போ" என்பார்கள். ஊர் சோத்தாங்கை என்றால் வலது. பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், பிள்ளைகளும் அப்படித்தான். நானும் அப்படித்தான். அவளும் பழகிக்கொண்டாள். ஊர் என்று சொன்னால் மற்றவர்கள் கை, சொல்லாவிட்டால் தன் கை.

அந்த வருசம் கோடையில் சொல்தா குடும்பம் ஊருக்கு வந்தது. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவரைச் சொல்தா என்போம். அவர் இந்த ஊர்க்காரர்தான். ஆனால் இருபது வருசம் கப்பலில் போய் எங்கெங்கோ இருந்துவிட்டு வந்தவர். அவர் சம்சாரம் சைகோனில் பிறந்த தமிழச்சி. கவுன் போடுவார்கள். ஊரே அவர்களை மதாம் என்று கூப்பிட்டது. கைக்குழந்தை ஒன்று. கோடை முடிகிற வரைக்கும் இங்கே இருந்துவிட்டு, பாண்டியில் வீடு பார்த்துப் போவதாக இருந்தார்கள்.

என் அம்மாவும் அத்தையும் அங்கே வாசல் பெருக்க, பாத்திரம் தேய்க்கப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம். எங்களுக்குப் பத்து வயசு. அந்த வீட்டு வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. பூச்சி உருண்டை, பிஸ்கோத்து டப்பா, தரைக்குப் போடுகிற மெழுகு. பலகை பலகையாக மடித்து மூடுகிற ஜன்னல்கள். வெயில் ஏறினால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மூடினால் வீடு முழுக்கத் தண்ணிக்குள் இருக்கிற மாதிரி பச்சையாக ஒரு இருட்டு. போனில் இருக்கிற வீட்டில் எல்லாம் இருக்கிறது, வாசனை மட்டும் கிடையாது. அந்த ஒரு விசயத்தில் எந்த ஆட்டமும் சொல்தா வீட்டுக்குக் கிட்டே வராது.

மதாமுக்குப் பொழுது போகாது. பேச ஆள் இல்லை. தைக்கும்போது விரலில் மாட்டுகிற வெள்ளித் தொப்பி ஒன்று வைத்திருந்தார்கள். அதை ஒளித்து வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருத்தியாக அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அந்த இருட்டில் கையால் தடவித் தேடவேண்டும். தூரமாகப் போனால் "குளிருது, குளிருது" என்பார்கள். கிட்டே போனால் "சுடுது, சுடுது" என்று கை தட்டுவார்கள். பூச்சாடிக்குள் சின்னச் சாவி, சாவியால் இழுப்பறை, இழுப்பறைக்குள் சுருட்டின காலுறை, காலுறைக்குள் தொப்பி. அப்படியெல்லாம் ஒளிப்பார்கள். கண்டுபிடித்தவளுக்கு ஒரு பிஸ்கோத்து. கண்டுபிடித்தது யார் என்று அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போடுவார்கள்.

ஒரு நாள் மதாம் எங்கள் அம்மாமார் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். "பாண்டிக்குப் போகும்போது ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன். மூன்று வேளையும் நெல்லுச் சோறு. ஒருத்தி போதும். கெட்டிக்காரி எவளோ அவளைக் கூட்டிப் போவேன்."

மூன்று வேளை நெல்லுச் சோறு. உங்களில் எத்தனை பேருக்கு அது அன்றைக்கு என்னவென்று ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கோடை முழுக்கக் கூழும் நத்தையும்தான்.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். கரிக்கோடு அவளுக்குத்தான் அதிகம். நான் யோசித்து யோசித்துத் தேடுவேன். அவள் கை தானாகப் போகும். எல்லாரும் பார்க்கிற பக்கத்துக்கு மறுபக்கம் அவள் கை போகும், மதாம் ஒளிக்கிறதும் அங்கேதான். ஊரிலேயே நான்தான் புத்திசாலி என்று என் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அடுப்படியில் அந்தக் கோடுகளைத் தினமும் பார்ப்பேன். ஒரு நாள் எச்சில் தொட்டு அவள் கோட்டில் ஒன்றை அழித்தேன். மறுநாள் அவள் இரண்டு கோடு வாங்கினாள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் மதாம் கொல்லைப்பக்கம் குழந்தைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணி மொண்டு கொடுத்தேன். அத்தை மகள் இன்னும் வரவில்லை.

"அவள் வந்ததும் சொல்" என்றார்கள் மதாம். "மாடிக்குப் போகட்டும். வலது பக்கம் என் தையல் அறை. மேசைமேல் கறுப்புப் பெட்டி இருக்கும். அதை எப்படித் திறப்பது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். தொப்பி அதற்குள்ளே. கொண்டுவந்துவிட்டால் அவள்தான்."

மாடிக்கு அதுவரை ஆடப்போனதில்லை. ஆனால் நான் ஒரே ஒரு தடவை சொல்தாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். படி ஏறினால் இரண்டு கதவு. வலது பக்கம் தையல் அறை. இடது பக்கம் சொல்தா தூங்குகிற அறை. அங்கேயும் மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. சைகோனில் ஜோடியாக வாங்கினது, மூடிமேல் தங்கத்தில் இரண்டு மீன். அதற்குள் அவருடைய மெடலும் பென்சன் காகிதமும். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவள் ஓடிவந்தாள், மூச்சு வாங்கிற்று.

"இன்னா சொன்னாங்க?"

"மாடிக்குப் போ. சோத்தாங்கைப் பக்கம் ரூமு. கறுப்புப் பெட்டி இருக்கும், எடுத்துக்கினு வா."

ஊர் என்கிற வார்த்தையை விட்டுவிட்டேன். மறந்து விட்டேன் என்று நினைக்காதீர்கள். நாக்கு நுனிக்கு வந்ததை முழுங்கினேன். அவள் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தாள். அப்புறம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

நான் கீழே எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பது வருவதற்குள் சொல்தாவின் சத்தம் கேட்டது.

அவர் முழித்தபோது அவள் பெட்டியை இடது கையில் ஏந்தி, காதில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முடியைப் பிடித்து அவளைப் படி வழியாக இறக்கிக்கொண்டு வந்தார். பெட்டி வாய் திறந்து மெடல் எல்லாம் படியில் உருண்டது. மதாம் ஈரக் கையோடு வந்தார்கள். அம்மா வந்தாள், அத்தை வந்தாள்.

மதாம் என்னைக் கேட்டார்கள், "நீ இவளிடம் என்ன சொன்னாய்?"

"சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னேன், மதாம்."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சொல்தா அவளைக் கேட்டார், "சோத்தாங்கைன்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னா. அந்தப் பக்கந்தான் போனேன்" என்று அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "ஊர் சோத்தாங்கைன்னு அவ சொல்லல."

சொல்தாவுக்கு என்ன புரியும்? திருடிவிட்டுக் கிண்டலும் பண்ணுகிறாள் என்று நினைத்தார். மதாமுக்கும் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்திருக்கவேண்டும். எருவண்டி வாய்க்காலில் விழுந்தபோது முதலில் சிரித்தவள் அவள்தான். ஆனால் சொல்தா முன்னால் நின்றுகொண்டிருந்தார், போலீசு என்கிற வார்த்தை அவர் வாயில் இருந்தது. அத்தை தன் மகளின் வாயிலேயே ஒன்று போட்டு, "இன்னும் பேசறியா?" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தை தோசைக் கரண்டியின் காம்பை அதில் செருகினாள். "எந்தக் கைடி?" என்று கேட்டாள். அவள் கையை நீட்டினாள். நீட்டாமல் ஓடியிருக்கலாம். திருடவில்லை என்பதால் அவளுக்கு ஓடவேண்டும் என்று தோன்றவில்லைபோல. அப்புறம்தான் துள்ள ஆரம்பித்தாள். அத்தை என்னைப் பார்த்து, "வாடி, காலைப் பிடி" என்றாள்.

பிடித்தேன். கணுக்கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்தேன். அவள் கத்தவில்லை. என் தலைக்குமேலே அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த வாசனையை எழுதமாட்டேன்.

மூன்றாம் நாள் நான் பாண்டிக்குப் போனேன். புதுக் கவுன், சிவப்புப் பூப் போட்டது. ஊர் எல்லையில் நின்று என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பொண்ணு ஜெயிச்சிட்டா" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாளாம்.

ஏழு வருசம் அங்கே இருந்தேன். சோறு கிடைத்தது, அதில் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று போயிற்று. முதல் குழந்தை இடுப்பை விட்டு இறங்கியதும் இரண்டாவது ஏறிற்று. அந்தப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்துத்தான் எனக்கு இந்த அளவு எழுத்து. மதாமுக்குப் பாண்டியில் பேச நிறைய ஆள் கிடைத்துவிட்டது. அந்த வெள்ளித் தொப்பியை எடுத்து என்னோடு ஒரு தரம்கூட ஆடவில்லை. அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நான் சில நாள் எல்லாரும் வெளியே போனபிறகு அந்த வீட்டில் ஜன்னலை மூடிவிட்டு, ஒன்றும் ஒளித்து வைக்காத அலமாரிகளைத் தடவித் தேடியிருக்கிறேன்.

இங்கே அவளுக்குக் கை புண்ணாகி, ஆறி, இரண்டு விரல் மடங்கிவிட்டது. நடவில் நாத்து முடியை அந்தக் கையில்தானே பிடிக்கவேண்டும்? பிடிக்க வரவில்லை. வேலைக்கு ஆகாத பெண்ணை வீட்டில் வைத்து என்ன செய்வது என்று மாமா வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வலது கையால் எழுதிப் பழகினாள். பத்தாவது வரைக்கும் படித்தாள். டீச்சர் ஆனாள்.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சூடு போட்டது நல்லதாப் போச்சு. இல்லைன்னா இவளும் சேத்துலதான் கெடந்திருப்பா." அத்தையே அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அவள் ரிடையர் ஆனபோது பால்வாடி வாசலில் பந்தல் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் மைக்கைப் பிடித்து, "எங்க அத்தை அன்னிக்கி அடிச்சித் திருத்தலைன்னா இன்னிக்கி இந்த டீச்சர் நமக்குக் கெடைச்சிருக்க மாட்டாங்க" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அவள் தட்டினால் சத்தம் வராது.

அதைவிட ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த வருசம் அத்தை படுக்கையில் விழுந்தாள். தொண்ணூறு வயசு. சுற்றிலும் சொந்தக்காரர்கள், தெருக்காரிகள், என் மருமகள். அத்தைக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகக் கேட்டாள்.

"ஏண்டி, அன்னிக்கி சொல்தா வூட்டுல நீ அவகிட்ட எந்தச் சோத்தாங்கைன்னு சொன்ன?"

எத்தனை வருசம் அதைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாளோ. கண் என்மேலேயே இருந்தது.

"ஊர் சோத்தாங்கைன்னுதான் சொன்னேன், அத்தே" என்றேன்.

"அப்ப நான் செஞ்சது ஞாயந்தான?"

"ஞாயந்தான், அத்தே."

சாகப்போகிறவளை நிம்மதியாக அனுப்பினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும் என்றால் அதுவும் இல்லை. என் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். தெருக்காரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் என்னால் குறைந்துபோக முடியவில்லை. அன்றைக்குச் சொல்தா வீட்டில் நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு பெருமையாவது என்னிடம் இருந்தது. அதையும் அங்கே விட்டேன். திரும்பினால் என் பின்னால் அத்தை மகள் பால் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை விலகச் சொல்லிவிட்டு அவள் அம்மாவுக்குப் பஞ்சில் நனைத்துப் பால் விட்டாள். இரண்டு சொட்டு உள்ளே போனது, மீதி வழிந்தது.

அதற்குப் பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. என் முட்டி ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரியில் என்கூடத் தங்கினவள் அவள்தான். என் மகள் கொடுத்த போனில் முதல் பூட்டை எப்படித் திறப்பது என்று எனக்குக் காட்டினவளும் அவள்தான். நான் ஒரு பூட்டோடு மல்லுக்கட்டும்போது அவள் எட்டிப் பார்ப்பாள், வழி அவளுக்குத் தெரிந்துவிடும், சொல்லமாட்டாள். நானாகத் திறக்கிற வரைக்கும் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். மேலே பெருமையாக எழுதினேனே, மூன்று ஆட்டத்தை நான் ஒருத்தியாக முடித்தேன் என்று, அது அப்படி முடித்ததுதான்.

இதை எழுத எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. எழுத்துப் பிழை இருக்குமே, திருத்துவதற்கு யாரிடம் கொடுப்பது? அவளிடம்தான் கொடுத்தேன். நேற்று மத்தியானம் என் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பால்வாடிப் பிள்ளைகளின் நோட்டைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். சின்ன ர போட்ட இடத்தில் பெரிய ற போட்டாள். ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. காலைப் பிடித்த இடத்தில்கூட நிறுத்தவில்லை, அங்கே ஒரு எழுத்துக்குத் துணைக்கால் விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவ்ளோதானா? முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"இதுல எங்கயும் மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை இல்லையே."

"எழுதட்டுமாடி?" என்று கேட்டேன்.

"வாணாம்" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீ கேட்டீன்னா நான் முடியாதுன்னு சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் உன் வூட்டுக்கு வர முடியாது. இத்தினி வருசமா நீ கேக்காம இருந்த, அத்தொட்டுதான் நான் வந்துகினு இருக்கேன்."

நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். அந்த வார்த்தையை நான் எழுதவில்லை.